மனு, போன், காணொலி, கடிதம்: சிறையில் இருக்கும் தம்பியோடு பேச எது உதவுகிறது?

சிறையில் இருப்பவரோடு குடும்பம் பேச்சு விட்டுப்போகாமல் இருக்கத் தமிழ்நாட்டில் இப்போது நான்கு வழிகள் உள்ளன. நேரில் போய்ப் பார்ப்பது (இதைத்தான் 'மனு பார்ப்பது' என்பார்கள்), உள்ளிருந்து வரும் தொலைபேசி அழைப்பு, காணொலிச் சந்திப்பு, கடிதம். என் தம்பி தண்டனைச் சிறைவாசி. நான்கு வழிகளையும் எங்கள் வீடு பயன்படுத்துகிறது. எது சிறந்தது என்று கேட்டால் தயங்காமல் தொலைபேசி என்பேன். நேரில் பார்ப்பதுதான் பெரிது என்று சொல்பவர்கள் உண்டு. தம்பி மனைவியே அப்படித்தான் சொல்வாள். ஆனால் குடும்பத்தின் அன்றாடத்துக்குள் அவனை வைத்திருப்பது போனில் கிடைக்கும் அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான்.

நான் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்கிறேன். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊராருடைய விண்ணப்பங்களை அடிப்பதுதான் பிழைப்பு. கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்று, பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளே இருக்கிற பையனைப் பார்க்க எப்படிப் பதிவது?" என்று கேட்பவர்கள் அவ்வப்போது வருகிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்தச் சிறை என்று எழுதப்போவதில்லை. தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

தமிழகச் சிறைகளில் இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறை, மாதத்துக்கு 10 அழைப்புகள், ஒவ்வோர் அழைப்பும் 12 நிமிடம் வரை பேசலாம். முன்பு இவ்வளவு கிடையாது. அவன் எழுதிக் கொடுத்த எண்களுக்கு மட்டுமே அழைப்பு வரும். எண் யாருடையது, என்ன உறவு என்று விசாரித்த பிறகுதான் சேர்ப்பார்கள். பேசுவதற்கான காசு உள்ளே அவன் பெயரில் இருக்கும் கணக்கிலிருந்து போகும். எல்லோரும் அதை பி.சி.பி. என்பார்கள். அந்தக் கணக்கில் பணம் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. பேச்சைச் சிறைத்துறை கேட்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வழக்கு சம்பந்தமான அந்தரங்கத்தை வக்கீல் நேரில் போய்ப் பேசட்டும்.

நாம் திருப்பி அழைக்க முடியாது. அதனால் அழைப்பு வரும் நேரத்தில் போன் கையில் இருக்க வேண்டும். வேண்டாத அழைப்புகளைத் தடுக்கும் செயலி ஏதாவது போனில் இருந்தால், சிறையிலிருந்து வரும் எண்ணை அது அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாத எண் என்றால் எடுக்கமாட்டேன் என்ற வழக்கத்தை எங்கள் வீட்டில் விட்டுவிட்டோம்.

பன்னிரண்டு நிமிடம் போதாது என்றுதான் முதலில் தோன்றும். ஆயத்தமாக இருந்தால் நிறையவே பேசலாம். கடையில் வீணாகும் ஏ4 தாளின் பின்பக்கத்தில் பேச வேண்டியதை வரிசையாக எழுதிவைப்பேன். வக்கீல் சொன்ன தேதி. நகைக்கடனுக்கு வட்டி கட்டிய விவரம். பாப்பாவின் கணக்குப் பாட மதிப்பெண். சினை ஆடு எப்போது ஈனும். வக்கீல் விஷயத்தை முதலில் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அம்மா போனை வாங்கிவிட்டால் அழுகைக்கு நடுவே தேதியும் கிழமையும் ஏறாது. அம்மாவுக்கென்று கடைசி இரண்டு மூன்று நிமிடம். "சாப்பிட்டாயா, என்ன குழம்பு?" என்பாள். அவன் சொல்வான். மூன்று நாளுக்கு முன்பும் அதையேதான் கேட்டிருப்பாள், அவனும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருப்பான். அதைக் கேட்டுவிட்டால்தான் அன்று இரவு அவள் தூங்குகிறாள். ஆட்டை விற்கலாமா வேண்டாமா என்று தம்பியிடமும் கேட்கிறோம். வேண்டாம் என்றால் விற்பதில்லை. வீட்டு முடிவில் அவனுக்குப் பங்கு இருக்கிறது என்பதை இந்த போன்தான் சாத்தியமாக்குகிறது. எப்போதோ ஒருமுறை போய்ப் பார்க்கும்போது ஆட்டைப் பற்றிப் பேச நேரம் இருக்காது.

அடுத்து, நேரில் மனு. இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. சீக்கிரம் பார்க்க வைக்கிறேன் என்று வாசலில் யாராவது காசு கேட்டால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள். ஆதார் போன்ற அடையாள அட்டையின் அசலும் நகலும் வேண்டும். அரசு விடுமுறை நாளா என்று நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விசாரணைச் சிறைவாசிகளுக்கும் தண்டனைச் சிறைவாசிகளுக்கும் பார்க்கும் நாள்களும் இடைவெளியும் வேறு. முதல்முறை போவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. போன், பை எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. எதிரே உள்ள டீக்கடையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், பத்து ரூபாய். எண் எழுதிய அட்டைத் துண்டு ஒன்று தருவார்கள். அந்தக் கடைக்கார அம்மாள் எங்களை ஒருநாளும் ஏற இறங்கப் பார்த்ததில்லை. "வெயில் ஏறுவதற்குள் போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள்" என்று மட்டும் சொல்வார். அவரை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

திருமணமான அக்கா தங்கைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆதாரில் கணவர் பெயர் இருக்கும். தம்பியின் ஆவணத்தில் அப்பா பெயர் இருக்கும். இரண்டையும் வைத்துப் பார்த்தால் நாம் உடன்பிறந்தவள் என்று எங்கும் தெரியாது. கவுன்ட்டரில் இருந்தவர் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அம்மாவை மட்டும் அனுப்பியதுண்டு. அடுத்த முறை பள்ளி மாற்றுச் சான்றிதழையும், எங்கள் இருவர் பெயரும் இருக்கும் பழைய குடும்ப அட்டையின் நகலையும் எடுத்துப்போனேன். அன்று கேள்வியே இல்லை. இன்றுவரை அந்த நகல்கள் என் பையிலேயே இருக்கின்றன. இப்படி வேண்டும் என்று வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தால் எத்தனை பேர் வெறுமனே திரும்பாமல் இருப்பார்கள்! காத்திருக்கும் இடத்தில் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறையும் வேண்டும். பஸ் மாறி மாறி விடியற்காலையில் கிளம்பி வருகிறவர்களில் பாதிப் பேர் வயதான பெண்கள்.

முன்பெல்லாம் இரண்டு கம்பிவலைகள், நடுவே இடைவெளி. அந்தப் பக்கம் ஒரு வரிசை, இந்தப் பக்கம் ஒரு வரிசை, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். யார் குரல் யாருடையது என்று பிரிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். இப்போது பல மத்திய சிறைகளில் நடுவே கண்ணாடி, இருபுறமும் இன்டர்காம். எங்கள் சிறையிலும் வந்துவிட்டது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே சிறைத்துறையை வாய்விட்டுப் பாராட்டுவேன். மெதுவாகப் பேச முடிகிறது. மெதுவாகப் பேச முடிந்தால்தான் மனதில் இருப்பதைச் சொல்ல முடியும்.

தம்பி மகளுக்குப் பல் விழத் தொடங்கிய சமயம். இன்டர்காமை எடுத்ததும் அவள் பேசவே இல்லை, வாயைத் திறந்து காட்டினாள். அவன் கண்ணாடிக்கு நெருங்கி வந்து விரலால் எண்ணினான். கீழ்வரிசையில் இரண்டு, மேலே ஒன்று ஆடுகிறது. "ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளாதே, கோணலாக முளைக்கும்" என்றான். எங்கள் அப்பா எங்களிடம் சொன்ன அதே வார்த்தை. அந்த ஜன்னலில் இன்டர்காம் இரைந்துகொண்டே இருந்தது. நாங்கள் கேட்காமலேயே காவலர் ஒருவர் எங்களைப் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றிவிட்டார். பல்லைப் பார்ப்பது போனில் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். குழந்தை இருக்கும் வீடு என்றால், செலவைப் பார்க்காமல் அவ்வப்போது கூட்டிப் போங்கள்.

காணொலிச் சந்திப்பைப் பற்றிச் சொல்ல எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பஸ்ஸில் கூட்டிப்போக முடியாது. போனைக் காதில் வைத்தால் தம்பி பேசுவான், இவரால் பதில் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் அப்பா இருக்கிறாரா என்றுகூட அவனுக்குத் தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்குக் காணொலியை விட்டால் வேறு வழியே இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் நேரில் பார்ப்பது நின்றபோது பலரும் இந்த வழிக்கு வந்தார்கள். எங்களுக்கு இதன் அருமை பிறகுதான் தெரிந்தது. கட்டிலோரம் தலையணையை அண்டக்கொடுத்து அப்பாவை உட்காரவைத்து, போனை எதிரே பிடித்தேன். திரையில் தம்பியைப் பார்த்ததும் இடக்கையைத் தூக்கி, அவன் தலைமுடியைச் சுட்டிக் காட்டினார். முடி நரைத்திருந்தது. "வயசாகிறதப்பா" என்று தம்பி சிரித்தான். பேச்சில்லாத மனிதர் மகனோடு அன்று வெகுநேரம் பேசினார் என்றுதான் நான் சொல்வேன்.

மத்திய அரசின் இ-பிரிசன்ஸ் தளத்தில் இ-முலாகாத் என்ற பகுதியில் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. பார்ப்பவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், கைப்பேசி எண், மின்னஞ்சல். சிறைவாசியின் பெயர், தந்தை பெயர், வயது. எந்தச் சிறை, எந்தத் தேதி, நேரிலா காணொலியா என்று நிரப்பி, வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் ஒரு பதிவு எண் கிடைக்கும். சிறை நிர்வாகம் ஒப்புக்கொண்டால் அதற்கான தகவல் வரும். நேரில் பார்க்கவும் இதிலேயே முன்பதிவு செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. கடையில் நான் பார்த்த வரையில் இரண்டு இடங்களில்தான் சிக்கல். ஒன்று, பெயரின் எழுத்து: சிறைப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். நீதிமன்றத் தாளைப் பார்த்து அடித்தால் பிசகாது. இன்னொன்று, சிறையைத் தேர்ந்தெடுப்பது. புழலையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்டனைச் சிறை, விசாரணைச் சிறை, பெண்கள் சிறை மூன்றும் அங்கேதான் இருக்கின்றன, ஆனால் தனித்தனிச் சிறைகள். 'புழல்' என்று மட்டும் தெரிந்துகொண்டு வந்தால் போதாது.

கடிதத்துக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. இன்லேண்ட் கடிதம் இரண்டரை ரூபாய். சிறைவாசி எண்ணை மறக்காமல் எழுத வேண்டும். அதிகாரிகள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் போனைப்போல் முடிந்துவிடாது. பாப்பா எழுதியவற்றை அவன் அடுக்கி வைத்திருக்கிறான். புத்தகம் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் உள்ளே இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 முதல் புத்தகக் கண்காட்சிகளில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு வைத்து, சிறை நூலகங்களுக்குப் புத்தகங்களை நன்கொடையாக வாங்குகிறது. நானும் கொடுத்திருக்கிறேன். என் தம்பி கைக்கே போய்ச் சேரும் என்றில்லை, யாருடைய தம்பிக்கோ போகும்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும் ஒரு பெரிய குறை பாக்கி இருக்கிறது. போன், காணொலி, மனு, எல்லாமே அவர்கள் குறித்த நாளில், குறித்த நேரத்தில்தான். வீட்டில் திடீரென்று ஒன்று நடந்தால் அதை அன்றே உள்ளே சொல்ல நமக்கென்று ஒரு வழி இல்லை. அப்பா விழுந்த அன்று நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தம்பிக்குத் தெரியாது. அடுத்த அழைப்பு வரும்வரை சொல்ல முடியவில்லை. வந்தபோது அவன் முதலில் ஆட்டைப் பற்றித்தான் கேட்டான்.

அதன் பிறகு நான் செய்துவைத்திருப்பது இதுதான். சிறை அலுவலகத்தின் தரைவழி எண்ணும் அங்குள்ள நல அலுவலரின் விவரமும் எங்கள் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. ஆஸ்பத்திரிச் சான்று கிடைத்ததும் அவசர விடுப்பு கேட்டு மனு எழுத வேண்டும். அதன் மாதிரி ஒன்றைக் கடைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குப் பெயரை மாற்றி அச்சிட்டுத் தருகிறேன். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் இதெல்லாம் நாமாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. சாவு, பிரசவம், விபத்து என்றால் குடும்பம் அழைத்துச் சொல்ல ஒவ்வொரு சிறையிலும் ஓர் எண் வேண்டும். அதை இரவு பகல் ஒருவர் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பவரிடம் அன்றே சொல்லப்பட்டது என்று நமக்குப் பதிலும் வர வேண்டும்.