மீன் விலைப் பட்டியலுக்கு எது சரி: சாம்பலா, கருப்பா, டார்க் மோடா?

காசிமேட்டில் மீன் எடுத்து வீட்டுக்கு டெலிவரி செய்யும் ஒரு சின்னக் கடைக்கு இணையதளம் செய்வதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. மீன் பெயர், கிலோ விலை, இன்று உண்டா இல்லையா, ஆர்டர் பட்டன், அவ்வளவுதான். ஆனால் பார்ப்பவர் யார்? ராயபுரம் பஸ் ஸ்டாப்பில் உச்சி வெயிலில் ஒரு கையால் ஸ்கிரீனை மறைத்துக்கொண்டு வஞ்சிரம் விலை தேடும் அம்மாவும், கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த தண்டையார்பேட்டைப் பெரியவரும்தான். டிசைனரின் ஏசி அறையில் அழகாகத் தெரிந்தது இவர்களுக்கும் தெரிய வேண்டும்.

இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் இணைய அணுகல் வழிகாட்டி 2008-லேயே சொல்லிவிட்டது: சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாட்டின் விகிதம், குறைந்தது 4.5:1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளை மேல் சுத்தக் கருப்பு 21:1. அதற்கு மேல் கிடையாது.

இப்போது ஃபேஷனில் இருப்பது வெள்ளை மேல் வெளிர் சாம்பல். கணினியில் நிறத்தைக் குறிக்கும் குறியீட்டில் #999999 என்ற சாம்பலை எடுத்தால் 2.8-தான் வருகிறது. #767676-க்குப் போனால் 4.5-ஐ மயிரிழையில் தாண்டும். #595959 என்றால் 7. #333333 என்றால் 12-க்கும் மேல். இதில் #767676-ஐ வைத்துவிட்டு ‘பாஸ் ஆகிவிட்டது’ என்று கை கழுவுபவர்கள் நிறைய. என் கணக்கில் அது போதாது. வெயில் ஸ்கிரீனில் பட்டுத் திரும்பும்போது எழுத்து மேலும் பின்னணி மேலும் ஒரே அளவு வெளிச்சத்தைக் கூட்டுகிறது. இரண்டுக்கும் கூடினால் விகிதம் சரிந்துவிடும். அறையில் 4.5 இருந்தது தெருவில் அப்படியே இருக்காது. #333333 வைத்தால் சரிந்த பிறகும் மிச்சம் இருக்கும். சுத்தக் கருப்பும் தப்பில்லை. நீளமாகப் படிக்கும் இடத்தில் அடர் சாம்பல் கண்ணுக்குக் கொஞ்சம் இதம், அவ்வளவே.

தமிழுக்கு இன்னொரு தலைவலி உண்டு. மெல்லிய ஃபான்ட்டில், சின்ன அளவில், வெளிறிய நிறத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘ி’, ‘ீ’ இரண்டையும் பிரித்துக் காட்டும் சுழி அடுத்து. ஆங்கிலத்துக்கு 16 பிக்சல் வைத்த இடத்தில் அதே ஃபான்ட் அளவைத் தமிழுக்கும் வைத்தால் ‘ணை’, ‘ழ’ போன்றவற்றின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 18 பிக்சல், தடிமன் ரெகுலருக்குக் கீழே போகாமல், வரி இடைவெளி எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். நிறத்தை மட்டும் மாற்றுவதா, எழுத்தையும் மாற்றுவதா என்று கேட்டால், இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் காசுக்கேற்ற வேலை. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் சில வரிதான்.

அடுத்து, ‘நம்ம கடை போர்டு சிவப்பு மஞ்சள், சைட்டும் அப்படியே இருக்கட்டும்’ என்பார் முதலாளி. பளிச் சிவப்பு மேல் பளிச் மஞ்சள் 3.7 வருகிறது. தலைப்புக்குச் சரி, விலைப் பட்டியலுக்கு ஆகாது. வெள்ளை மேல் அதே சிவப்பில் விலை போட்டாலும் 4-தான். அதை #990000 என்ற அடர் சிவப்பாக்கினால் 8.9 ஆகிவிடும், கடையின் சாயலும் போகாது. மஞ்சள் மேல் கருப்பு 19-க்கும் மேல், முதலாளியும் சந்தோஷப்படுவார். பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது வாட்ஸ்அப் ஆர்டர் பட்டன். அந்தப் பச்சை மேல் வெள்ளை எழுத்து வெறும் 2:1. அதே பச்சை மேல் கருப்பு எழுத்து 10-ஐத் தாண்டும். எல்லோரும் வெள்ளை வைக்கிறார்கள் என்பதற்காக நாமும் வைக்க வேண்டுமா என்ன?

கருப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து காட்டும் டார்க் மோடுக்கு வருவோம். #999999 வெள்ளை மேல் 2.8 என்றேன் அல்லவா, அதே சாம்பல் #121212 பின்னணியில் 6.5. கணக்குப்படி டார்க் மோட் ஜெயிக்கிறது. ஆனால் இருட்டான நிறங்களுக்கு இந்தக் கான்ட்ராஸ்ட் சூத்திரம் கொஞ்சம் தாராளமாகவே மார்க் போடுகிறது என்பது பழைய புகார். வெயிலில் கருப்பு ஸ்கிரீன் முகம் பார்க்கும் கண்ணாடிதான். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ள பலருக்குக் கருப்பு மேல் வெள்ளை எழுத்தின் ஓரம் கசிந்து தெரியும். ராத்திரி படுக்கையில் நாளைக்கு என்ன மீன் என்று பார்ப்பவருக்கு வேண்டுமானால் நல்லது. ஓஎல்இடி ஸ்கிரீன் என்றால் பேட்டரியும் மிச்சம். ஆகவே ஃபோனில் டார்க் மோட் போட்டு வைத்திருப்பவருக்கு அது தானாக வரட்டும். மற்றவர்களுக்கு வெள்ளைதான்.

மூலையில் ஒரு பட்டன் ஒட்டி, ‘அழுத்தினால் கான்ட்ராஸ்ட் கூடும்’ என்று மாதாமாதம் காசு கேட்கும் விட்ஜெட் வேண்டாம். எழுத்தே சரியாகத் தெரியாதவர் அந்த பட்டனை எப்படித் தேடுவார்? இப்படி ஒன்றை விற்ற ஆக்ஸசிபி நிறுவனம், எந்தத் தளத்தையும் விதிப்படி ஆக்கிவிடும் என்று விளம்பரம் செய்ததற்காக 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என 2025-ல் அமெரிக்க வணிக ஆணையம் உத்தரவிட்டது.

கடைசியாக, ‘இல்லை’ என்பதை எப்படிக் காட்டுவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப் படகு, ஃபைபர் படகு கொண்டுவருவதுதான் வரும். பட்டியலில் பாதி மீன் இருக்காது. அந்த வரிகளை மங்கலாக்கிவிடுவதுதான் வழக்கம். அழுத்த முடியாத பட்டனுக்குக் கான்ட்ராஸ்ட் விதியிலிருந்து விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் சங்கரா மீன் இல்லை என்பதும் வாடிக்கையாளருக்குச் செய்திதானே, அதைப் படிக்க முடிய வேண்டாமா? பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி வைப்பது இன்னும் மோசம். சிவப்பு பச்சை பிரித்தறியாதவருக்கு இரண்டும் ஒன்றே. மீன் பெயரை அதே #333333-ல் விட்டு, பக்கத்தில் ‘இன்று இல்லை’ என்று எழுதி, ஆர்டர் பட்டனை எடுத்துவிடுங்கள். பிறகு ஃபோனின் பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்து, மதியம் ஒரு மணிக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நின்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். வேறு டெஸ்டிங் டூல் எல்லாம் அதற்கு அப்புறம்.