தீவில் ஒரு கூட்டம், பாலையில் மூவர்

பெரியவர்கள் துணையின்றி வனாந்தரத்தில் சிக்கிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிய படங்களில் இரண்டை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: பீட்டர் புரூக்கின் 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' (1963), நிக்கோலஸ் ரோக்கின் 'வாக்கபவுட்' (1971).

புரூக்கின் கறுப்பு வெள்ளைத் தீவில் பழமும் தண்ணீரும் உண்டு. பிள்ளைகளைத் தின்பது பயம்தான். தீ மூட்ட உதவும் மூக்குக்கண்ணாடிக்காகவே அடிதடி நடக்கிறது.

ரோக்கின் ஆஸ்திரேலியப் பாலையில் எதுவுமே இல்லை. அல்லது நகரத்து அக்காவுக்கும் தம்பிக்கும் இருப்பது கண்ணில் படவில்லை. எதிர்ப்படும் பழங்குடி இளைஞன், வற்றிய குட்டையின் மண்ணில் குழலைச் செருகித் தண்ணீர் உறிஞ்சக் காட்டுகிறான். அந்த இளைஞனாக நடித்த டேவிட் குல்பிலிலுக்கு இதுதான் முதல் படம். அந்த உடல்மொழியை என்னவென்று சொல்ல! அக்கா ஆங்கிலத்திலேயே கேட்டுக்கொண்டு நிற்க, தம்பி சைகையால் தாகத்தைப் புரியவைத்துவிடுகிறான். இளைஞனின் பேச்சுக்கு ரோக் மொழிபெயர்ப்பு வரிகள் போடவில்லை. நாமும் அவளைப் போலவே புரியாமல் தவிக்கிறோம்.

ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் 'வாக்கபவுட்'டையே சொல்வேன். வேட்டைக் காட்சிகள் மனதைப் பிசையும். சின்னக் குழந்தைகளுக்கு இரண்டுமே வேண்டாம்.