சொல்லாமல் விட்டால் என்ன வரும்? பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைகளில் 'தே' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் கலந்து இனிப்பாக வரும். பால் வேண்டாமென்றால் 'தே ஓ'. சீனியும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'. நிரல் எழுதும்போது, ஃபங்ஷனின் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) பாராமீட்டருக்கு (அதற்குக் கொடுக்கும் மதிப்பின் இடம்) இயல்பு மதிப்பு வைப்பதும் இதுதான்: சொல்லாமல் விட்டவருக்கு என்ன கொடுப்பது? ஆனால் அதை எப்போது கலக்குவது என்பதில் நிரல் மொழிகள் ஒத்துப்போவதில்லை.

பைத்தான் ஒரே முறைதான் கலக்கும், ஃபங்ஷனை வரையறுக்கும் 'டெஃப்' (def) வரி ஓடும்போது. எண்ணோ எழுத்தோ என்றால் தொல்லை இல்லை. பட்டியல் என்றால்தான் வம்பு. செம்பனைக் குலை எடையைக் குறிக்க ஒரு சின்ன நிரல் எழுதி, எடைகள்=[] என்று காலிப் பட்டியலை இயல்பு மதிப்பாக வைத்திருந்தேன். முதல் லோரி 4 டன், சரியாக வந்தது. அடுத்த லோரி 3 டன், திரையில் 7. முதல் லோரியின் எடை அதே பட்டியலில் உட்கார்ந்திருந்தது! அரை நாள் தேடினேன். இயல்பு மதிப்பாக 'நன்' (None, 'எதுவுமில்லை') வைத்து, உள்ளே புதுப் பட்டியல் உருவாக்குவதுதான் வழி.

ஜாவாஸ்கிரிப்ட்டில் இந்த வசதி 2015இல்தான் வந்தது, ஆனால் நல்ல விதமாக வந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகக் கலக்கும். முன்னால் உள்ள பாராமீட்டரை வைத்துப் பின்னால் உள்ளதன் இயல்பு மதிப்பைக் கணக்கிடலாம். பைத்தானில் அது முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் 2015க்கு முன்பெல்லாம் 'எடை || 10' ('எடை அல்லது 10') என்று எழுதுவார்கள். யாராவது வேண்டுமென்றே 0 கொடுத்தாலும் 10 ஆகிவிடும். கோசோங் கேட்டவருக்குச் சீனி போட்டுக் கொடுத்த கதை. இப்போது 'அன்டிஃபைன்ட்' (undefined, மதிப்பே கொடுக்கவில்லை) வந்தால் மட்டுமே இயல்பு மதிப்பு. 'நல்' (null, வெற்று மதிப்பு) கொடுத்தால் அது 'நல்' ஆகவே இருக்கும். இதில் தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது: சொல்லாததும், 'ஒன்றும் வேண்டாம்' என்று சொன்னதும் ஒன்றல்ல.

ஜாவாவிலும் கோ மொழியிலும் இந்த வசதியே கிடையாது. ஜாவாவில் ஒரே பெயரில் பல மெத்தட் (ஃபங்ஷன் போன்றது) எழுதிச் சமாளிக்கலாம். கோ மொழியில் அதுவும் இல்லை. சி ஷார்ப்பில் இயல்பு மதிப்பு அழைக்கும் நிரலுக்குள்ளேயே பதிந்துவிடும். நூலகத்தில் 10ஐ 12 ஆக்கினாலும், அழைக்கும் நிரலை மறுபடி கம்பைல் செய்யும்வரை (கணினிக்கான வடிவத்துக்கு மாற்றும்வரை) 10தான் போகும்.

புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் ஜாவாஸ்கிரிப்ட் முறையைத்தான் முதலில் காட்டுவேன். அப்புறம் பைத்தானைத் திறந்து, அந்த இரண்டு லோரிகளையும் ஓட்டிக் காட்டுவேன்.