எட்டு வயசுக்காரிக்கு ஆறடி தூண்டில் றொட்

போத்தல்ல சுத்தின தங்கூசி எண்ட நைலோன் நூலாலதான் நான் மீன் பிடிக்கப் பழகினன். மகளுக்கும் அதையே குடுத்தன். திருகோணமலை உட்துறைமுக வீதியில ஒரு பாரைக்குஞ்சு இழுத்த இழுவையில தங்கூசி அவளின்ட விரலை வெட்டிப்போட்டுது. ரெண்டு கிழமை கடல் பக்கமே வரமாட்டன் எண்டு நிண்டாள். அதுக்குப் பிறகுதான் றொட் தேடினது.

கடைக்காரர் பத்தடி றொட் ஒண்டை எடுத்து நீட்டினார். "இதை எடுங்கோ தம்பி, பிள்ளை வளர்ந்த பிறகும் பாவிக்கலாம்." வளர்ந்த பிறகு பாவிக்கிறதை வளர்ந்த பிறகே வாங்கலாம்தானே. மகளை ஒற்றைக் கையால பிடிக்கச் சொல்லிப்போட்டு எண்ணினன். ஏழிலயே நுனி நிலத்தில. பிறகு ஆறடி ஃபைபர் றொட், ரெண்டு துண்டு, தங்கூசி சுத்துற சின்ன றீல் (2000 சைஸ்). இருபது எண்ணி முடிய, "இன்னும் பிடிக்கவோ அப்பா?" எண்டாள். சோடியா 5,800 ரூபா.

கனடாவில இருக்கிற அண்ணனுக்குச் சொல்ல அவர் சிரிச்சார். மகனின்ட முதல் மான் வேட்டைக்குத் துவக்கு பார்க்கேக்க பெரிய ரவை போடுற .308ஐ விட்டிட்டு சின்ன ரவை போடுற .243 எடுத்தாராம், உதை குறைவெண்டு. முதல் வெடியிலயே தோள் நொந்தா, அடுத்த முறை விசையை அமத்த முதலே பிள்ளை கண்ணை மூடிடுமாம். எங்கட வீட்டில தங்கூசி செய்த வேலையும் அதுதான்.

மகள் இடதுகைக்காரி. றீலின்ட கைபிடியைக் கழட்டி மற்றப் பக்கம் பூட்டலாம் எண்டு கடையில ஒருத்தரும் சொல்லேல்லை, வீட்டில வந்து நானே கண்டுபிடிச்சன். 0.25 மில்லிமீற்றர் தங்கூசி, 10 கிராம் ஈயம், சின்ன முள்ளு, இறால் துண்டு, இவ்வளவும் போதும். றீலின்ட முன்பக்கத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கோ. மீன் இழுத்தா தங்கூசி தானா ஓடும், பிள்ளையின்ட கை இழுபடாது. அப்ப வாற 'கிர்ர்' சத்தத்துக்காகவே இவள் வாறாள் போல, மீன் கிடைச்சா என்ன கிடைக்காட்டி என்ன.

குறையும் இருக்கு. நுனி வளையத்துக்குள்ள இருந்த பீங்கான் ரெண்டாம் மாசமே கழண்டிட்டுது, பசை போட்டு ஒட்டினன். ஒருநாள் நல்ல தண்ணியில கழுவாமல் விட, கைபிடித் திருகில துரு. வாடைக்காற்று நேரம் டச்சுக்குடாப் பக்கம் கொண்டுபோகாதையுங்கோ, அந்த அலைக்கு 10 கிராம் ஈயம் உங்கட காலடிக்கே திரும்பி வரும். உட்துறைமுகம்தான் இதுக்குச் சரி. புறாத்தீவுக்குப் போறவை றொட்டை வீட்டில வைச்சிட்டுப் போங்கோ, அது கடல் தேசியப் பூங்கா.

போன ஞாயிறு பதினொரு காரல், ஒரு கிழக்கன். அம்மா சொதி வைச்சா.

நாலு நட்சத்திரம். ஐஞ்சாவதை அந்தப் பீங்கான் வளையம் கொண்டுபோட்டுது.