கூட்ட நேரத்துக்குப் பார் உதவியாளர்களை அனுப்பும் ஏஜென்சி: ஒரு மதிப்பீடு

பாருக்கு ஆள் எடுக்கும்போது பெரும்பாலான நிர்வாகிகள் நல்ல பார்டெண்டரைத் தேடுவதிலேயே தங்கள் கவனம் முழுவதையும் செலவழித்துவிடுகிறார்கள். ஆனால் இடமின்றி ஆட்கள் நிற்கும் ஓர் இரவில் கவுன்டர் திணறத் தொடங்கினால், பார்டெண்டர் கை நீட்டும் இடத்தில் சுத்தமான கிளாஸ் இல்லை, ஐஸ் தொட்டியின் அடி தெரிகிறது, குழாயில் பீருக்குப் பதில் நுரை மட்டும் சீறுகிறது, இந்த மூன்றில் ஒன்றுதான் அதற்குக் காரணமாக இருக்கும். இவற்றைக் கவனித்துக்கொள்பவர்கள் வாடிக்கையாளர் கண்ணில் அதிகம் படாதவர்கள்: சரக்கும் ஐஸும் கொண்டுவந்து நிரப்பும் பார்பேக், மேசை மேசையாகச் சென்று காலி கிளாஸ்களைச் சேகரிப்பவர், கழுவுமிடத்தில் நிற்பவர். நான் நிர்வகிக்கும் பாரில் வார இறுதிகளுக்கும் பண்டிகைக் காலங்களுக்கும் இவர்களை ஓர் ஏஜென்சி மூலமாகவே எடுத்து வருகிறோம். அந்த ஏஜென்சியின் பெயர் இங்கே தேவையில்லை. இத்தகைய சேவையை எடுக்க நினைப்பவர்கள் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்வதே என் நோக்கம்.

முன்பதிவு செய்வது எளிது. எத்தனை பேர், எந்த வேலைக்கு, எத்தனை மணிக்கு என்று படிவத்தில் நிரப்பினால் அன்று மாலைக்குள் பதில் வந்துவிடும். கடைசி நேரத்தில் ஒருவர் வர முடியாமல் போனாலும் மாற்று ஆளை அனுப்பிவிடுகிறார்கள். இந்த நம்பகத்தன்மைக்கு நான் தயங்காமல் முழு மதிப்பெண் தருவேன், ஏனென்றால் சொன்ன நேரத்துக்கு ஆள் வந்து நிற்பது இந்தத் தொழிலில் சாதாரண விஷயம் அல்ல. குறை அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. பாரில் எத்தனை பீர் குழாய்கள் உள்ளன, பீர் நிரம்பிய உலோகப் பீப்பாய்களான கெக்குகள் அதே தளத்தில் உள்ளனவா அல்லது படி இறங்கிப் போக வேண்டுமா, கிளாஸ் கழுவ இயந்திரம் உண்டா என்று அது எதையும் கேட்பதில்லை. தலைகளை எண்ணி அனுப்புவதற்கு அந்தப் படிவம் போதும். வேலைக்குப் பொருத்தமானவரைத் தேர்ந்து அனுப்புவதற்குப் போதாது.

ஆயினும் கிளாஸ் கையாளும் முறையில் இவர்கள் தரும் பயிற்சி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வருபவர்கள் கிளாஸின் வாய்ப்பகுதியில் விரல் படாமல் அடியைப் பிடித்தே எடுக்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளாஸ்களைச் செருகிக் கோபுரம்போல் தூக்கிவருவதில்லை. அப்படித் தூக்கும்போதுதான் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சில்லு பெயர்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கழுவும் இயந்திரத்திலிருந்து சூடாக வெளிவரும் கிளாஸை உடனே பார்டெண்டரிடம் நீட்டாமல், தட்டிலேயே ஆறவிட்டு அடுக்குகிறார்கள். சூடு தணியாத கிளாஸில் ஐஸ் விழுந்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டிய கிளாஸில் பீரின் நுரை நிற்காமல் சட்டென்று அடங்கிவிடும் என்பதால், பீர் கிளாஸைத் துடைக்கத் தனித் துணி வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவர்களிடம் இருக்கிறது.

இந்தப் பயிற்சியின் மதிப்பை ஒரு சனிக்கிழமை இரவு கண்ணெதிரே பார்த்தேன். கூட்டம் மூன்று வரிசை ஆழத்துக்கு நின்ற நேரத்தில், எங்கள் பார்டெண்டர் ஒருவரின் கையிலிருந்த கிளாஸ் ஐஸ் தொட்டியின் விளிம்பில் இடித்து, அதன் ஓரம் சிறிதளவு உடைந்தது. உடைந்த கிளாஸைக் குப்பையில் போட்டுவிட்டு அவர் அடுத்த பானத்துக்கு ஐஸ் அள்ளப் போனபோது, ஏஜென்சியிலிருந்து வந்திருந்த பெண் தொட்டியின் மேல் ஒரு தட்டை வைத்து மூடிவிட்டு, "அண்ணா, இந்த ஐஸை இனி யாருக்கும் போட வேண்டாம்" என்றார். அத்தனை நெரிசலிலும் தொட்டி முழுவதையும் வெந்நீர் ஊற்றிக் கரைத்து, வடிகால் வலையில் தங்கிய துண்டுகளைத் துடைத்தெடுத்து, தொட்டியைக் கழுவியபின்தான் புதிய ஐஸைக் கொட்டினார். ஐஸும் கண்ணாடியும் ஒரே நிறத்தில் மின்னுபவை. தேடிப் பொறுக்கிவிட்டேன் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது, ஆகவே முழுவதையும் கொட்டுவது ஒன்றே வழி. ஐஸை எப்போதும் கரண்டியால் மட்டுமே அள்ள வேண்டும், கிளாஸால் அள்ளவே கூடாது என்ற விதியும் இதற்காகத்தான். எங்கள் நிரந்தர ஊழியர்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த விதியை இவர்கள் சொல்லாமலே கடைப்பிடிக்கிறார்கள்.

கெக் வைக்கும் குளிரறைக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. 50 லிட்டர் பீர் நிரம்பிய எஃகுக் கெக் ஒன்றின் மொத்த எடை 60 கிலோவைத் தாண்டும். 30 லிட்டர் கெக்கே ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். இதைத் தனியாளாகத் தூக்கச் சொல்வது முதுகை உடைக்கும் வேலை. சாய்த்து விளிம்பில் உருட்டுவது எப்படி, எந்த இடத்தில் இன்னொருவரை அழைக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளாமல் அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் பார்பேக் என்ற பெயரில் இந்த ஏஜென்சி அனுப்பியவர்களில் பலர் கெக்கின் தலையில் பொருந்தி அதைக் குழாயோடு இணைக்கும் கப்ளரைக் கையில் தொட்டதே இல்லை. ஓர் இளைஞர் கைப்பிடியை மேலே உயர்த்திப் பூட்டை விடுவிக்காமலே அதைத் திருகிக் கழற்ற முயன்றதில், அறையெங்கும் பீர் பீய்ச்சியடித்தது. அவர் மேல் எனக்குச் சிறிதும் கோபம் இல்லை. தெரியாத வேலைக்கு "அனுபவம் உள்ளவர்" என்று எழுதி அவரை அனுப்பிய அலுவலகத்தின் மேல்தான் வருத்தம்.

பீர் சிந்துவது பெரிய இழப்பு அல்ல. என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வாயு. பீரை மேலே தள்ளுவதற்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. அது காற்றைவிடக் கனமானது என்பதால் மூடிய அறையில் கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும், அதிலும் நிலவறையாக இருந்தால் வெளியேற வழியே இருக்காது. எட்டு மணி நேர வேலைக்கு ஏற்கத்தக்க அளவாகப் பல நாடுகள் வைத்திருப்பது 5,000 பிபிஎம், அதாவது காற்றில் அரை சதவீதம். 40,000 பிபிஎம், அதாவது 4 சதவீதம் என்பதை உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாகக் கருதுகிறார்கள். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால் அவரைத் தூக்க ஓடுபவரும் அங்கேயே விழுவதுதான் இந்த விபத்துகளின் கொடுமை. வாயு கண்டறியும் கருவியின் அலாரம் அடித்தால் உள்ளே போகாமல் வெளியேறுவது, சிலிண்டரை எப்போதும் நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வைப்பது, கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது ஆகிய மூன்றையும் கால் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். கிளாஸுக்கு அவ்வளவு அக்கறை காட்டும் ஏஜென்சி இந்தக் கால் மணி நேரத்தைச் செலவழிக்காதது எனக்கு ஏற்கவே முடியாத குறை. இப்போது எங்கள் பாரில், எங்கள் ஊழியர் ஒருவர் நேரில் காட்டித் தந்து சரிபார்க்கும்வரை வெளியாட்கள் எவரையும் குளிரறைக்குள் அனுப்புவதில்லை.

பாதுகாப்புப் பொருள்கள் விஷயத்திலும் ஏஜென்சி கைவிரிக்கிறது. ஈரத் தரையில் வழுக்காத காலணி அணிந்து வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது, ஆனால் அதை வாங்கும் செலவு தொழிலாளியின் தலையில் விழுகிறது. காதுகளைப் பற்றி எந்தப் பேச்சும் இல்லை. 85 டெசிபலை எட்டு மணி நேரத்துக்கான எல்லையாக வைத்து, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது தொழில் நலத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அந்தக் கணக்கின்படி 100 டெசிபல் இசைக்கு நடுவே கால் மணி நேரத்துக்குமேல் காதடைப்பான் இல்லாமல் நிற்கக் கூடாது. ஒலிபெருக்கிக்கு அருகிலுள்ள மேசைகளில் இரவு முழுவதும் கிளாஸ் சேகரிப்பவரை நினைத்துப் பாருங்கள். காதடைப்பானை நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம். ஏஜென்சியும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிளாஸ் சேகரிப்பவரைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். பாரின் மூலைமுடுக்கெல்லாம் நடப்பவர் அவர் ஒருவர்தான். எந்த மேசையில் குரல் உயர்கிறது, யார் தள்ளாடுகிறார், எந்தப் பானம் கேட்பாரற்றுக் கிடக்கிறது, யார் தனியாக மாட்டிக்கொண்டு சங்கடப்படுகிறார் என்பது வாசலில் நிற்பவருக்கோ கவுன்டரில் நிற்பவருக்கோ தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். ஏஜென்சி அனுப்பும் அனுபவசாலிகள் இதைத் தாங்களாகவே கவனித்து வந்து சொல்கிறார்கள். புதியவர்கள், பார்த்தாலும், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஷிஃப்ட் தொடங்கும்போதே பொறுப்பாளரைக் காட்டி, "சந்தேகமாக இருந்தால் தயங்காமல் இவரிடம் சொல்லுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் இந்தத் தயக்கம் போய்விடுகிறது.

ஒவ்வொரு வாரமும் புது முகங்கள் வந்தால், சரக்கு எங்கே இருக்கிறது, துடைப்பம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதிலேயே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். ஆகவே பெயர் குறிப்பிட்டு அதே ஆட்களைக் கேட்கும் வசதி உண்டா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த ஏஜென்சியில் அந்த வசதி இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். டிப்ஸில் இவர்களுக்குப் பங்கு உண்டா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து வருபவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஒரே இரவில் ஒரே வியர்வை சிந்தியவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் வெறுங்கையோடு போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எங்கள் பாரில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை ஊன்றிப் படிக்க வேண்டும்: குறைந்தபட்ச மணி நேரம், ரத்து செய்வதற்கான கெடு, வேலையில் காயம்பட்டால் மருத்துவச் செலவும் இழப்பீடும் யாருடைய பொறுப்பு என்ற பிரிவு, ஏஜென்சியின் ஆளை நேரடியாக நிரந்தர வேலைக்கு எடுத்தால் கட்ட வேண்டிய கட்டணம். கடைசியாகச் சொன்ன கட்டணம் முதலில் அதிகமாகத் தோன்றும். ஆனால் குறிப்பிட்ட காலம் வேலை செய்தபின் அது படிப்படியாகக் குறைந்து இல்லாமலே போகும் என்று இவர்கள் எழுதித் தருகிறார்கள், அது நேர்மையான ஏற்பாடு. ஐஸ் தொட்டியை மூடிய அந்தப் பெண்ணை நாங்கள் அந்த வழியில்தான் நிரந்தரமாக எடுத்துக்கொண்டோம்.

கிளாஸ் சேகரிக்கவும் கழுவுமிடத்துக்கும் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பார்பேக் வேலைக்கு, உங்கள் சொந்த ஊழியர் ஒருவராவது அதே ஷிஃப்டில் உடன் இருந்தால் மட்டும் எடுங்கள். அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது குளிரறைப் பயிற்சியையும் காதடைப்பானையும் எழுத்தில் சேர்க்கக் கேட்டிருக்கிறோம். பயிற்சிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், காதடைப்பானுக்கு இன்னும் பதில் வரவில்லை.