ஸ்டாப் மோஷன் பொம்மைகளுக்கு எந்தப் பொருள் நிற்கிறது? சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

ஸ்டாப் மோஷன் என்பது பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படமெடுத்து, அது தானே அசைவதுபோல் காட்டும் முறை. அதற்குப் பொம்மை செய்வதற்கான பொருள் எதையும் கடையில் கையில் எடுத்துப் பார்த்து மதிப்பிட முடியாது. ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் (தனிப்படங்கள்) என்னும் கணக்கில், ஒவ்வொரு நிலையையும் இரண்டு பிரேம்கள் எடுத்தால்கூட, பத்து நொடிக் காட்சிக்குப் பொம்மையின் உடலை 120 முறை தொட்டு நகர்த்தியாக வேண்டும். இத்தனை தொடுதலை எந்தப் பொருள் தாங்குகிறது என்பதே என் அளவுகோல். நான் வேலை செய்வது சென்னையில், குளிர்சாதன வசதியில்லாத அறையில். ஆகவே குளிர்நாட்டு ஸ்டூடியோக்களின் அனுபவத்திலிருந்து என் முடிவுகள் சில இடங்களில் மாறுபடும்.

எலும்புக்கூட்டுக்கு அலுமினியக் கம்பியே சிறந்தது. கட்டட வேலைக்குப் பயன்படும் இரும்புக் கட்டுக்கம்பி மலிவானது என்றாலும், வளைத்த இடத்தில் நிற்காமல் சற்றே பின்வாங்கும். அந்தச் சிறு பின்வாங்கல் திரையில் நடுக்கமாகத் தெரியும். செம்புக் கம்பி முதலில் இணக்கமாக வளைந்தாலும், வளைக்க வளைக்க இறுகி விரைவில் முறிந்துவிடும். அலுமினியமும் ஒரு நாள் முறியத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. ஒற்றைத் தடிக் கம்பியைவிட, 1.5 மி.மீ. கம்பிகள் இரண்டு மூன்றை டிரில்லில் பொருத்தி முறுக்கிக்கொள்வது நீடித்து உழைக்கிறது. மூட்டுகளை மட்டும் விட்டுவிட்டு, எலும்பு இருக்கவேண்டிய பகுதிகளில் எம்-சீல் பூசி இறுகவிட்டால், வளைவு எங்கே விழவேண்டுமோ அங்கே மட்டும் விழுகிறது. பாதத்துக்குள் ஒரு நட்டைப் பதித்து, மேசைக்கு அடியிலிருந்து போல்ட்டால் முடுக்குவதே நம்பகமான பிடிமானம். காந்தம் வசதிதான், ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் பொம்மையை அது பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது. எஃகுப் பந்து மூட்டுகள் இவை எல்லாவற்றையும்விட மேலானவை என்பதில் ஐயமில்லை, ஆனால் அவற்றின் விலை தனியாகப் படமெடுப்பவருக்குக் கட்டுப்படியாகாது.

எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின் களிமண் உலராது என்பதே அதன் பலம். சென்னை மே மாதத்தில் அதுவே பலவீனமும் ஆகிறது: விரல் பட்ட இடமெல்லாம் ரேகை பதிகிறது, மூக்கு மெல்லச் சரிகிறது, வெளிர் நிறங்களில் தூசி ஒட்டுகிறது. தேன்மெழுகை உருக்கிக் கலந்தால் களிமண் ஓரளவு இறுகுகிறது; சூடேற்றும் ஹாலஜன் விளக்குகளை நீக்கி எல்இடிக்கு மாறியது அதைவிடப் பெரிய பலனைத் தந்தது. இப்போது முகத்துக்கு மட்டுமே களிமண்ணைப் பயன்படுத்துகிறேன். களிமண் பொம்மைப் படங்களுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ஆர்ட்மன் ஸ்டூடியோவே 2000-இல் வந்த 'சிக்கன் ரன்' படத்தில் கோழிகளின் உடலுக்குப் பெருமளவு சிலிக்கோனுக்கு மாறியது என்பதால், இதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

தோலுக்கு ரப்பர் பாலும் சிலிக்கோனும் என இரு வழிகள் உண்டு. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் எடுக்கப்படும் ரப்பர் பாலைச் செறிவூட்டி, 60 சதவீத ரப்பர் கொண்டதாக, அம்மோனியா சேர்த்து விற்கிறார்கள். ஃபோம் மீது தூரிகையால் பல அடுக்குகள் பூசினால் நன்றாக வளையும் தோல் கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் அம்மோனியா நெடியில் மூடிய அறைக்குள் வேலை செய்ய இயலாது, உலரும்போது சுருங்கும், மழைக்காலத்தில் ஒரு அடுக்கு உலரக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். செம்பு பட்டால் ரப்பர் சிதையும் என்பதால் உள்ளே செம்புக் கம்பி கூடவே கூடாது. எண்ணெயும் வெயிலும்கூட அதற்குப் பகைதான்.

பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது) இந்த வெக்கையையும் ஈரப்பதத்தையும் பொருட்படுத்துவதில்லை. நீண்ட காலம் மென்மையாகவே இருக்கிறது. அதன் குணம் தெரிந்து பழகவேண்டும், அவ்வளவே. கந்தகம் கலந்த களிமண்ணில் அச்செடுத்தாலோ, ரப்பர் கையுறையோடு தொட்டாலோ அந்த இடம் இறுகாமல் பிசுபிசுத்து நின்றுவிடும். சிலிக்கோன் மீது சாதாரணப் பெயின்ட் ஒட்டாது. சிலிக்கோனிலேயே நிறத்தைக் கலந்து பூசவேண்டும். முழங்கையில் அது தடித்துப் போனால் ரப்பர் வளையம்போல மூட்டைப் பின்னுக்கு இழுக்கும். அங்கே மெல்லியதாக வார்ப்பது அவசியம்.

மெத்தை ஃபோமைக் கத்தரியால் செதுக்கி உடல் அமைப்பதே மலிவு, விரைவு. சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி உதிரும். துணிக்கு மெல்லிய பருத்தி போதும். அதன் ஓரத்துக்குள் நுண்கம்பி வைத்துத் தைத்தால் மடிப்பு பிரேமுக்குப் பிரேம் துள்ளாது. ரோமத்தை நான் தவிர்க்கிறேன். 1933-இல் வந்த 'கிங் காங்' படத்தில் குரங்கின் ரோமம் காற்றில் அலைவதுபோல் தெரிவது, நகர்த்தியவரின் விரல்கள் ஒவ்வொரு பிரேமிலும் அதைக் கலைத்ததால்தான். அங்கே அது அழகாகவே அமைந்துவிட்டது; சிறிய பொம்மையிலோ கண்ணை உறுத்தும் துடிப்பாகத்தான் தெரிகிறது.

தற்போது என் பொம்மைகளில் முறுக்கிய அலுமினியக் கம்பி, ஃபோம் உடல், பருத்தி உடை, களிமண் முகம், சிலிக்கோன் கைகள் என்ற சேர்க்கையே நிலைத்திருக்கிறது. முதலில் முறிவது எப்போதும் விரல் கம்பிதான். ஆகவே மணிக்கட்டில் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தி, கையைக் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறேன். படப்பிடிப்பின் நடுவே விரல் முறிந்தால் அந்தக் கையை உருவிவிட்டு, ஒரே அச்சில் வார்த்து வைத்த இன்னொன்றைச் செருகி, முந்தைய பிரேமோடு ஒப்பிட்டு நிலையைச் சரிசெய்துவிட்டுத் தொடரலாம்.