பெரிய ஆஸ்பத்திரியா, பக்கத்துத் தெரபி சென்டரா?

என் தங்கை மகனுக்கு 9 வயது. "பல் தேய்ச்சு, சட்டை போட்டு, பையை எடுத்துட்டு வா" என்றால், பிரஷ்ஷும் கையுமாக வாசலில் வந்து நிற்பான். மற்ற இரண்டும் அவனுக்கு நினைவிலேயே இருக்காது. அடம் என்று நினைத்து அடித்தும் இருக்கிறேன்.

அவன் வயிற்றில் இருந்தபோது தங்கைக்குக் குடிப்பழக்கம் இருந்தது. தாய் குடிக்கும் மது தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கும் போய், வளரும் மூளையைப் பாதிக்கிறது. இதைத்தான் எஃப்.ஏ.எஸ்.டி. (ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்) என்கிறார்கள். மருந்தால் குணமாவதில்லை, ஆனால் சரியான உதவி கிடைத்தால் பிள்ளை நன்றாகவே தேறுவான்.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் நாங்கள் முதலில் போனது பக்கத்துத் தெரு தெரபி சென்டருக்கு. நடந்தே போகலாம், சாயங்காலம் என்பதால் வேலையும் கெடாது. சட்டைப் பட்டன் போட அவன் கற்றது அங்கேதான். ஆனால் மணிக்கணக்குக்குக் காசு. அப்புறம் அந்த ஸ்டார் அட்டை. ஒழுங்காக இருந்தால் ஒரு ஸ்டார், தப்பு செய்தால் ஒன்று போய்விடும், வெள்ளிக்கிழமை பரிசு. திங்கட்கிழமை செய்ததையும் வெள்ளிக்கிழமை வருவதையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பது இந்தப் பிள்ளைகளுக்கு ரொம்பக் கஷ்டம். ஸ்டார் போனதற்கு அழுவான், ஏன் போனது என்று கேட்டால் விழிப்பான். நான் சாத்திய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கர்ப்பகாலம் பற்றிப் படிவத்தில் கேட்டிருந்த இடத்தை, வெட்கப்பட்டு நாங்கள் காலியாக விட்டிருந்தோம். பல பிள்ளைகளுக்கு முகத்தில் எந்த அடையாளமும் இருக்காது. நாம் சொன்னால்தான் தெரியும்.

ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற அரசு மனநல ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் சம்பளம் போகும். ஆனால் அங்கே குழந்தை மனநலப் பிரிவில் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அவள் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். போதை மீட்புப் பிரிவும் அதே வளாகத்தில் இருப்பதால் அவளுக்கும் அங்கேயே சிகிச்சை தொடங்கியது. எனக்குச் சொன்னது இதுதான்: ஒரு நேரத்துக்கு ஒரே வேலை சொல்லுங்கள், படமாக ஒட்டுங்கள், தினமும் அதே வரிசையில் நடக்கட்டும். அதாவது, பிள்ளையை மாற்றுவதற்கு முன்னால் வீட்டை மாற்றச் சொன்னார்கள். என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்காகவே பெரிய ஆஸ்பத்திரிதான் முதலில்.

மாற்றுத்திறன் சான்றிதழுக்கும் அரசுப் பக்கம்தான் போக வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் எஃப்.ஏ.எஸ்.டி. தனிப்பெயராக இல்லை. பரிசோதனையில் அறிவுசார் குறைபாடோ கற்றல் குறைபாடோ உறுதியானால் அதன் பெயரில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

சென்டரை விட்டுவிடவில்லை. வாரம் ஒரு மணி நேரம் போகிறோம், ஆஸ்பத்திரிக் குறிப்பைக் காட்டியாயிற்று, ஸ்டார் அட்டை இல்லை, நானும் உள்ளேயே உட்காருகிறேன். புதிதாகச் சேர்ப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்: "நாங்களும் உள்ளே இருக்கலாமா?" ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 14416-க்குப் போன் பண்ணுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

எங்கள் குளியலறைக் கதவில் இப்போது மூன்று படங்கள்: பிரஷ், சட்டை, பை. ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுத்தான் கிளம்புகிறான்.